கீழ் வீட்டுக்காரன் கழட்டின வால்வு

அந்த போனை என் மூக்குகிட்ட நீட்டாத தம்பி. கண்ணு நல்லாத்தான் தெரியுது எனக்கு. ஆமா, அந்த வீடியோவுல தெரியுற கம்பளிக் குல்லா என்னோடதுதான். குனிஞ்சு உன் சைக்கிள் டயர்ல வால்வைக் கழட்டுறவனும் நான்தான். பதினோரு நாளா தினம் விடியக்காலம் கழட்டுறேன். போதுமா? பள்ளிக்கூடத்துப் பசங்கன்னு நினைச்சியாக்கும்.

கத்தாத. ஹார்லிங்கன் துறைமுகம் முழுக்கக் கேக்கும். எதிர்வீட்டுக்காரி ஏற்கனவே பூச்சட்டிக்குப் பின்னால வந்து நின்னுட்டா பாரு.

பொறாமையா? எனக்கா? யோவ், உன் பெட்டி சைக்கிள் எனக்குப் பிடிக்கல, அதை மறைச்சு என்ன ஆகப் போகுது. முன்னாடி குளியல் தொட்டி கணக்கா ஒரு மரப்பெட்டி. அதைக் கொண்டாந்து என் ஜன்னலுக்கு நேரா நிறுத்தினா, நான் கால்வாய்ல போற படகைப் பார்ப்பேனா, உன் பெட்டியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேனா? முனிசிபாலிட்டிக்கு மூணு தடவ எழுதிப் போட்டேன். அதுக்கு நீங்களும் சும்மா இருந்தீங்களா? பிள்ளை பிறந்ததும் தெரு பூராவையும் கூப்பிட்டு ரோஸ் கலர் சோம்பு மிட்டாய் தூவின ரொட்டி குடுத்தீங்க. என் கதவை மட்டும் தாண்டிப் போனீங்க. மூலை வீட்டுல அப்பதான் குடிவந்தவன், அவனுக்குக்கூட ரெண்டு ரொட்டி. பிள்ளை பேரு நின்கேன்னு எனக்கு யாரு சொன்னா? உங்க ஜன்னல்ல ஒட்டியிருந்ததைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். போகட்டும், எனக்கு இனிப்பு ஆகாது.

பிள்ளையை ஏன் இழுக்குறேன்னா கேக்குற? இழுப்பேன். ஆறு வாரக் குழந்தைடா அது. கழுத்து நிக்கல. இந்தச் செங்கல் ரோட்டுல... சரி, பெல்ட் போட்டிருக்கு. பெட்டிக்குள்ள பிள்ளை நாற்காலிக்கு அடியில ஸ்பிரிங் இருக்கா, இருக்கட்டும். உன் பெண்டாட்டி மெதுவாத்தான் ஓட்டுவா, தெரியும், பார்த்திருக்கேன். நான் அதைச் சொல்லல.

கதவுல செருகியிருந்த சீட்டா? ஆமா, பிள்ளையை அந்த வண்டியில ஏத்தாதீங்கன்னு எழுதினேன். அதுல எங்கய்யா இருக்கு மிரட்டல்? கீழ வீபென்னு என் பேரைப் போட்டிருந்தேன்ல. மிரட்டுறவன் பேரைப் போட்டுக் குடுப்பானா? படிச்சுட்டுக் கிழிச்சு என் வாசல்லயே போட்டுட்டுப் போனீங்க ரெண்டு பேரும். ஏன் ஏத்தக்கூடாதுன்னு எழுதலதான். எழுத உக்காந்தேன், முடியல. விடு.

போலீசா? தாராளமா கூப்பிடு. காபி போட்டு வைக்கிறேன், வரட்டும். என்ன சொன்ன? புது வால்வு போட்டாச்சா? ரெண்டு சக்கரத்துக்குமா? எப்போ? பிள்ளையை எடை பார்க்கக் கூட்டிட்டுப் போகணுமா, பத்து மணிக்கா? மணி இப்பவே ஒன்பதே முக்கால் ஆச்சேடா.

படியில சத்தம் கேக்குதே, அது யாரு, ஃபெம்கேவா? பிள்ளையோடவா இறங்குறா?

யோரிஸ், அவளை நிக்கச் சொல்லு. முதல்ல நிக்கச் சொல்லு, என்னை அப்புறம் திட்டு! அம்மா ஃபெம்கே, அங்கேயே நில்லும்மா, பிள்ளையை வண்டியில வெச்சிடாத. யோரிஸ், நீ வா இப்படி. முட்டி போட்டு அந்தப் பெட்டிக்கு அடியில பாரு. பின்னாலேருந்து வர்ற குழாய் பெட்டியோட சேருற இடம். சேத்தைத் துடைச்சுட்டுப் பாரு. தெரியுதா? பெயின்ட்டுல கீறல் இல்ல அது, வெல்டு விட்டுப் போச்சு. கப்பல் கட்டுற இடத்துல முப்பத்தெட்டு வருஷம் வெல்டு வெச்சவன் சொல்றேன், கேளு. நீங்க பிள்ளையோட நாற்காலியைப் பூட்டின அன்னிக்குத்தான் குனிஞ்சு பார்த்தேன். நகம் அளவுதான் இருந்துச்சு. இப்ப என் கட்டைவிரல் நீளம். பாலத்து இறக்கத்துல பெட்டி ஒரு பக்கம் போகும், சக்கரம் ஒரு பக்கம் போகும். நானே ஒட்டியிருப்பேன், கை நடுங்குது. இந்தக் கையால பிள்ளை ஏறுற வண்டியை ஒட்டுறதுக்கு எனக்குப் பயமா இருந்துச்சு. வால்வைக் கழட்டுறதுக்கு இந்தக் கை போதும்.

வாயைத் தொறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம்லன்னு கேக்குற. சொல்லியிருந்தா எப்படி விட்டுச்சுன்னு கேட்டிருப்ப.

ஃபெம்கே நிறைமாசமா இருந்தப்ப ஒரு ஞாயித்துக்கிழமை அவ அம்மா வீட்டுக்குப் போனீங்களே, ஞாபகம் இருக்கா? திரும்பி வந்து பார்த்தா வண்டி கால்வாய் ஓரத்துக் கல்தூண் மேல குப்புறக் கிடந்துச்சு. புயல்ல விழுந்திருக்கும்னு நீயேதான் சொன்ன. நானும் ஜன்னல்லேருந்து தலையை ஆட்டினேன்.

அன்னிக்கு ஒரு இலை அசையல தம்பி. நான்தான் எட்டி உதைச்சேன்.