மேல் வீட்டு பீஸ் கட்டையை நான் பிடுங்கிய விவரம்

என் பெயர் அப்பாவு, வயது ஐம்பத்தொன்பது, தகப்பனார் பெயர் நீலமேகம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். தண்டையார்பேட்டை, மரக்கிடங்கு சந்து, கதவு எண் 14, கீழ் வீட்டில் என் அக்காள் பச்சையம்மா, அவள் மகள் ஷாலு ஆகியோருடன் வசிக்கிறேன். மேல் வீட்டில் மீன் வியாபாரி ஹுமாயூனும் அவர் மனைவி பதுருன்னிசாவும் இருக்கிறார்கள். இருபது வருடப் பழக்கம். முன்விரோதம் கிடையாது.

ஷாலுவிடம் ஒரு பழைய லேப்டாப் உள்ளது. வெள்ளைக்காரன் துறைமுகம் கட்டியபோது இறக்கிய சரக்கு என்பது என் தாழ்மையான கருத்து. இரண்டு மாதத்துக்கு முன் அதன் பேட்டரி பூரி போல உப்பியதால் நானே கழற்றிப் போட்டேன். அதிலிருந்து சார்ஜர் ஒயர் செருகியிருந்தால்தான் அது ஓடும், ஒயர் விலகினால் அந்த நொடியே உயிர் போய்விடும். போன வாரம் அதன் ஃபேன் கப்பல் சங்கு போல ஊதியதால் திறந்து, உள்ளே இருந்த சாம்பல் தூசியை வாரினேன். அதில் ஒரு செங்கல் அறுத்திருக்கலாம். திரும்ப மூடியபோது மூன்று ஸ்குரு மிஞ்சியது. அவை தேவையில்லாத ஸ்குரு என்று முடிவு செய்தேன்.

இன்று காலை பதினோரு மணிக்கு ஷாலுவுக்கு ஒரு கண்டெய்னர் யார்டு ஆபீஸ் வேலைக்கு வீடியோவில் கடைசிச் சுற்று இண்டர்வியூ. டைப் அடித்துக் காட்ட வேண்டும் என்பதால் போனில் முடியாது. ஒன்பது மணிக்கு லேப்டாப்பைப் போட்டாள், அணைந்தது. நான் பிளக்கை மாற்றினேன், அணைந்தது. அதன் பிறகு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மாற்றினேன், அணைந்தது. டெஸ்டர் வைத்தேன், கரண்ட் இருந்தது. அதன் பிறகு சார்ஜர் பின்னை ரப்பர் பேண்டால் கட்டி, அடியில் தீக்குச்சி முட்டுக் கொடுத்தேன். கால் மணி நேரம் ஓடி அணைந்தது.

ஷாலு, "ரோட்ல லாரி போனா மேஜ ஆடுது மாமா, பின்னு லூசு. நீ அத புடிச்சிகினு சும்மா குந்து" என்றாள். நாற்பது டன் பெட்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு டீ குடித்தவனிடம் பின்னைப் பற்றிப் பேசினாள். நானோ, மேல் வீட்டு மீன் ஃப்ரீசர் உறுமும்போதெல்லாம் இது அணைவதைக் கண்டுபிடித்திருந்தேன். "நம்ம கரண்ட்ட அதான் இழுக்குது" என்றேன். "பேஜாரு பண்ணாத மாமா" என்றாள்.

பத்தே முக்காலுக்கு இன்சுலேஷன் டேப் வாங்கக் கடைக்குப் போய், பதினொன்று ஐந்துக்குத் திரும்பினேன். இண்டர்வியூ நடக்கும் வீட்டுக்குள் போவது முறையல்ல என்று, படிக்கட்டுக்கு அடியில் உள்ள மீட்டர் போர்டில் மேல் வீட்டு பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முதல் படியில் காவல் உட்கார்ந்தேன்.

அதன் பிறகு பதுருன்னிசா இறங்கி வந்து, "அண்ணே, எங்க வூட்டு பீஸ் கட்ட எங்க?" என்றார்.

"பதினொன்றரைக்கு மேல வரும்."

"அல்லாவே! உங்க பொண்ணு மேல கீது அண்ணே! எங்க பின்னாடி ரூமுல லாரி ஆட்டம் வராதுன்னு லேப்டாப்ப தூக்கினு வந்தா. பேசிகினு இருக்க சொல்லோ புட்டுகிச்சு!"

ஃப்ரீசரைக் காப்பாற்றப் போடும் நாடகம் என்று கருதி, பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். அப்படியே பத்து நிமிடம் போனது.

அதன் பிறகு ஷாலு இறங்கி வந்தாள். புதுச் சுடிதார் போட்டிருந்தாள், காதில் என் அக்காளின் கம்மல் இருந்தது, கண் மை கன்னம் வரை வந்திருந்தது. கையில் இருந்த லேப்டாப்பின் ஒயரில் நான் கட்டிய ரப்பர் பேண்டு அப்படியே இருந்தது. நான் கட்டையை எடுத்துச் செருகினேன்.

என்மேல் வந்த புகார் மனு இந்த போலீஸ் ஸ்டேஷனில் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. கையெழுத்து பதுருன்னிசாவுடையது, எழுதியது ஷாலு. ஒரு பிழை இல்லை, என் குற்றம் ஒன்றுகூட விடுபடவில்லை. இப்படி எழுதுகிறவளுக்கு வேலை தராத கம்பெனி கடலில் மூழ்கட்டும்.

அதன் பிறகு கம்பெனிக்காரர்கள் போன் செய்து, கரண்ட் போனால் யார் என்ன செய்ய முடியும், நாளை பதினோரு மணிக்கு மீண்டும் வரலாம் என்றார்கள். மனுவைத் திரும்பப் பெற ஷாலு ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். நாளை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை நான் இந்த ஸ்டேஷன் பெஞ்சை விட்டு எழுந்திருக்கக் கூடாது. சம்மதிக்கிறேன். மிஞ்சிய மூன்று ஸ்குருவையும் அவளிடம் ஒப்படைத்துவிட்டேன்.

இதை டைப் செய்யும்போது இங்குள்ள கம்ப்யூட்டர் இரண்டு முறை அணைந்தது. பார்த்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று எழுத்தர் கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்குப் படித்துக் காட்டிய மேற்கண்ட அனைத்தும் உண்மை, யார் வற்புறுத்தலும் இல்லை.

(ஒப்பம்)
நீ. அப்பாவு