பால் பவுடர் டப்பா மூடி

பால் பவுடர் டப்பா மூடிய யாரும் தூக்கிப் போடக் கூடாது சார். எதுக்காச்சும் உதவும். உங்க டேபிள் மேல கவர்ல போட்டு வச்சிருக்கீங்களே, அந்த மூடி என்னுதுதான். ஏட்டய்யா பொறுமையா எழுதட்டும், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.

பேரு சேட்டு. திண்டிவனத்துல அந்த நர்சிங் ஹோம்ல தொண்ணூத்தி மூணுலேர்ந்து கம்ப்யூட்டர் ஆபரேட்டரு. நான் சேந்த அதே வாரந்தான் கெழவனும் வந்தான். கெழவன்னா சர்வர் சார். எல்லா ஃபைலையும் ஒரே இடத்துல வச்சிக்கினு, மத்த கம்ப்யூட்டருங்க கேக்கறப்ப எடுத்துக் குடுக்குற பெட்டி. பதினஞ்சு வருசத்துல ஒரு ஃபைல் தொலைச்சதில்ல. எங்க டாக்டர் அதுக்குள்ள மூணு காரு மாத்திட்டாரு, ரெண்டு தடவ கட்சியும் மாத்திட்டாரு. கெழவன மட்டும் மாத்தல. ஓடிக்கினுதானே இருக்குதும்பாரு.

ரெண்டாயிரத்து எட்டுல தண்டவாளத்துக்கு அந்தாண்ட புதுக் கட்டடம் கட்டி, பேஷண்டையெல்லாம் அங்க கொண்டு போனாங்க. கெழவன நகத்தினா பொட்டுனு போய்டுவான்னு பயந்து இங்கயே வுட்டுட்டாங்க, கூட என்னையும். நடுவுல ரயில்வே லைனு. அதத் தாண்டி கேபிள் இழுக்க வுட மாட்டாங்க. அதனால ரிசப்ஷன் பொண்ணு இருதயசெல்வி தினமும் பதினோரு மணிக்கு ஸ்கூட்டியில வரும். என் ரூம்ல கெழவனோட சேத்து ஒரு கம்ப்யூட்டர் இருக்குது. அதுல உக்காந்து பேஷண்டு விவரத்த அடிக்கும்.

அடிச்சிக்கினே கதை சொல்லும். மாமியாக்காரி டிவி ரிமோட்ட அரிசி டிரம்முல ஒளிச்சு வச்சது. ஃபாதர் பிரசங்கத்துல மொத வரிசையில ஒருத்தர் குறட்ட வுட்டு, ஃபாதரே மைக்க அவர் பக்கம் நீட்டினது. நான் மல்லாட்டைய, அதான் வேர்க்கடலைய, வேக வச்சு, உரிச்சு, கிண்ணத்துல போட்டு வைப்பேன். டீ போடுவேன். தப்பா எழுதிக்காதீங்க சார், அது என்ன அண்ணேன்னுதான் கூப்புடும். எனக்கும் வேற எண்ணமெல்லாம் கெடையாது. பதினோரு மணிக்கு ஒரு ஆள் வரும், அவ்வளவுதான்.

அப்புறம் வானூர்லேர்ந்து பார்த்திபன்னு ஒருத்தன் வந்தான், ஒயர்லெஸ் போடறதுக்கு. கெழவனப் பாத்ததும் சிரிச்சான். கெழவனுக்கு இருக்கறது கறுப்பு உருண்டை கேபிள் சொருகுற வாயி, ஒயர்லெஸ் பெட்டிக்கு வேணுங்கறது வேற வாயி. மெட்ராஸ்ல பழைய சாமான் கடையெல்லாம் தேடி, ரெண்டு வாயும் இருக்கற கார்டு ஒண்ணு கொண்டாந்தான். கெழவன் அத ஒத்துக்க நாலு நாள் பேஜாரு பண்ணான். ஆண்டெனா வாங்கித் தர டாக்டருக்கு மனசு வரல. அதுக்கும் பார்த்திபன் அசரல. பிரசவ வார்டுலேர்ந்து ரெண்டு பால் பவுடர் டப்பா எடுத்து, பக்கத்துல ஓட்ட போட்டு, செப்புக் கம்பிய சொருகி, ஒண்ணு எங்க மொட்டை மாடியில, இன்னொண்ணு அந்த மாடியில, வாயும் வாயும் பாக்கற மாதிரி கட்டுனான். அங்கேர்ந்து கேட்டா இங்க கெழவன் எடுத்துக் குடுத்தான். நான் கையத் தட்டினேன் சார். வேலைன்னா அது வேல.

தகர மூடிங்கள மூலையில போட்டுட்டுப் போய்ட்டான். நான் ஒண்ண எடுத்து வச்சிக்கினேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு யாரும் வரல. அதுக்கு மறுநாளும் வரல. மல்லாட்டைய நானே தின்னேன். ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு சார், சொல்றதுக்கென்ன. மூணாம் நாள் மாடி ஏறி டப்பா வாய்ல மூடிய வச்சு அமுக்கினேன். பத்து நிமிஷத்துல போனு. "அண்ணே, நெட்டு வரலண்ணே." மேகமா இருக்கும்மா, வந்து அடிச்சிட்டுப் போன்னேன். வந்துச்சு. டீ குடிச்சுது. போனதும் மூடிய எடுத்துட்டேன். செவ்வா, வெள்ளி மட்டுந்தான் இப்பிடி. மத்த நாள்ல தெறந்துதான் இருந்துச்சு, அத எழுதிக்குங்க.

நீங்க கேக்கற அன்னிக்கு வெள்ளிக்கெழம. மூடி போட்டாச்சு, டீ கொதிக்குது. போன் வந்துச்சு. "அண்ணே, ஒலக்கூர்லேர்ந்து துர்கான்னு ஒரு பொண்ணு, பிரசவமாகி ரத்தம் நிக்கல. பி நெகட்டிவ் வேணும். பாண்டியிலேர்ந்து வர்றதுக்குள்ள தாங்காதுன்றாரு டாக்டர். டோனர் லிஸ்ட்டு கெழவன்கிட்டதான் இருக்குது, போன்லயே ஜல்தி படிங்கண்ணே."

படிச்சிருக்கலாம். மூணே பேரு. மாடி ஏறி மூடிய எடுத்திருந்தாலும் அங்கயே தெரிஞ்சிருக்கும், பதினாலு படிதான். போன்ல படிக்கக் கூடாது, நேர்ல வந்து பாத்துக்கோம்மான்னேன். ரயில்வே கேட்டு போட்டிருக்குண்ணே, கூட்ஸு நிக்குதுன்னு சொல்லுச்சு. பொறுமையா வான்னேன். வெள்ளிக்கெழம வராம இருந்ததில்ல இல்லியா.

நாப்பது நிமிஷமாச்சு. ஸ்கூட்டிய வுட்டுட்டு, நின்ன ரயிலுக்கு அடியில பூந்து வந்திருக்குது. முட்டியெல்லாம் கிரீஸு. நான் சேர இழுத்துப் போட்டேன். ஆறிப்போன டீய சூடு பண்ணப் போனேன். அதுக்குள்ள அதுவே லிஸ்ட்ட தெறந்துடுச்சு. மொத ஆளு போன வருசமே செத்துப் போய்ட்டாரு. ரெண்டாவது ஆளு துபாய். மூணாவது பேர் மேல வெரல வச்சிக்கினு என்னத் திரும்பிப் பாத்துச்சு.

"இது நீங்களாண்ணே?"

ஆமாம்மான்னேன்.

அப்ப அதோட போன் அடிச்சுது. கேட்டுட்டு அப்பிடியே தரையில உக்காந்துச்சு. கொழந்த பொழச்சிக்கிச்சாம், துர்காதான் இல்ல. நான் டீய நீட்டினேன், வாங்கல. சாயந்தரம் பார்த்திபனக் கூட்டிக்கினு வந்துச்சு. அவன் மாடியிலேர்ந்து இந்த மூடிய எடுத்தாந்து டேபிள் மேல வச்சான். நேரா உங்ககிட்டதான் வந்திருக்காங்க.

என் குரூப்பு எனக்குத் தெரியாதா சார். இதே ஆஸ்பத்திரியில ரெண்டு தடவ குடுத்திருக்கேன். போன்ல பி நெகட்டிவ்னு சொன்னப்பவே தெரியும். தெரிஞ்சேதான் டீய எறக்கி வச்சிட்டு மல்லாட்டை உரிச்சிக்கினு இருந்தேன். அந்தப் பொண்ணு செத்தது என்னாலதான், எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன். ஆனா ஒண்ணு சார். இருதயசெல்வி லிஸ்ட்டத்தான் கேட்டுச்சு. என் ரத்தத்தக் கேக்கல. கேட்டிருந்தா குடுத்திருப்பேன்.