ஒலிம்பியாவில் மச்சாள்மாரின் ஓட்டம்

"கிரீசில உங்களை ஓடி வெல்லாமல் நான் திரும்பி வரமாட்டன், மச்சாள்."

இந்தப் பனி நாட்டில், அஜின்கோர்ட் என்ற பகுதியைத் தாண்டிப் போகிற பஸ்சில், எனக்கு முன்சீட்டில் இருந்துதான் இந்தக் குரல் வந்தது. இரண்டு பெண்களுக்கும் அறுபது வயது இருக்கும். மூத்தவளின் தம்பியைக் கட்டியவள் மற்றவள் என்று பேச்சில் விளங்கியது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் இருவரும் எதிரெதிர் இல்ல அணிகளுக்காக ஓடியிருக்கிறார்கள்.

"அண்டைக்கு வெண்டது நான். கப் என்ர வீட்டில கிடக்கு," என்றாள் மூத்தவள்.

"முடிவுக்கோட்டு நூலை முதல் தொட்டது நான். தீர்ப்புச் சொன்ன ரீச்சர் உங்கட சொந்தக்காரி."

"சரி, ஒலிம்பியாவில பாப்பம். அந்தக் காலத்து ஆக்கள் ஓடத் தொடங்கின கல்லுக்கோடு இப்பவும் கிடக்காம். போறவை எல்லாரும் ஓடிப் பாக்கினமாம்."

"உங்கட முழங்கால்?"

எனக்கும் அதே யோசனைதான். கிரீஸ் எந்தப் பக்கம் என்றே தெரியாது. அங்கே விழுந்தால் யார் தூக்குவார்கள்?

"எண்ணெய் பூசி, காலமையில கடைத்தொகுதி மோலுக்குள்ள நடக்கிறன்."

"களவாப் பழகிறியளோ!"

"உன்னையும் அங்க கண்டவையாம்."

இளையவள் பேச்சை மாற்றினாள். "ஆர் வெண்டதெண்டு ஆர் சொல்லுறது?"

"என்ர தம்பி."

"அவருக்கு உங்களில பயம்."

"உன்னிலயும்தான். ரெண்டுபேரும் ஒண்டா வந்தனீங்கள் எண்டு சொல்லிப்போட்டு நழுவிடுவான்."

சிரித்துக்கொண்டே மணியை அடித்தார்கள். மூத்தவள் எழும்பச் சிரமப்பட்டாள். வெளியே வழுக்குகிற பனி. இளையவள் கையை நீட்டினாள்.

"அங்க கை தரமாட்டன், சொல்லிப்போட்டன்."

"நான் கேட்டனானோ?" என்று, பிடித்த கையை விடாமலே மூத்தவள் முதலில் இறங்கினாள்.