ஏறிய ஒயிலும் எங்கள் ராக்காயி அக்காவும்

தலவாக்கலை மலைச்சாரல் மோட்டார் பணிமனையில் முப்பது ஆண்டுகள், பெரும்பாலும் எஞ்சின் ஒயில் பகுதியில், பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் டயகம ராக்காயி அக்கா அவர்களுக்குச் சகபணியாளர்கள் வாசித்தளிக்கும் மடல்.

கருமை படிந்த கரங்களால் கார்களைக் காத்த கருணையே! குழிக்குள் நின்று உழைத்து எங்களைக் குன்றின்மேல் நிறுத்திய குணவதியே! வாகனங்களின் வயிற்றுவலி அறிந்த வல்லவரே! ஒயில் என்னும் சொல்லுக்குத் தமிழில் அழகு என்றும் பொருளுண்டு. அந்த இரண்டு ஒயிலும் உங்களிடம் இருந்தன என்று சொன்னால் வெட்கப்பட்டுச் சேலைத் தலைப்பால் முகம் துடைப்பீர்கள். துடைத்த இடமெல்லாம் கறுப்பாகும்.

இந்த மடலை எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். நான் றமணன், இங்கே மேற்பார்வையாளன், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதினொரு வருடம். புகழ்மாலை மட்டும் சூட்டிவிட்டு அமர்ந்துவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் இந்த மண்டபத்தில் இருக்கும் எல்லோருக்கும் மாசி மாதக் கதை தெரியும். அதை விட்டுவிட்டு உங்களைப் புகழ்ந்தால் நீங்களே சிரிப்பீர்கள்.

கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வந்தவர் நீங்கள். இரண்டே வருடத்தில் ஒயில் மாற்றும் குழிக்குள் இறங்கினீர்கள். அன்று முதல் திம்புள்ளப் பக்கத்துத் தோட்ட லொறிகளும், பாடசாலை வான்களும், மணமக்கள் ஏறிய கார்களும் உங்கள் கைபட்டே மலையேறின. மதியம் வரை வெற்றிலை போடமாட்டீர்கள். ஒயிலை முகர்ந்து பார்க்கும் மூக்கு கெட்டுப்போகும் என்பீர்கள். அதை வேடிக்கையாக நினைத்தவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் வாடிக்கையாளர் யோகேஸ்வரன் மாஸ்டர், ஆசையாக ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கினார். மற்ற எஞ்சின்களில் பிஸ்டன் மேலும் கீழும் போகும். இதில் முக்கோணத் துண்டொன்று சுழலும். அந்தச் சுழலும் பாகம் தேயாதிருக்க, எஞ்சின் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாய் ஒயிலை எடுத்து எரித்துக்கொள்ளும். ஆகவே ஒயில் குறைவதே அதற்குச் சுகம். மாஸ்டரோ, "நம்ம காரு ஒயிலே குடிக்கலங்க" என்று கடைவீதி முழுக்கப் பெருமை பேசித் திரிந்தார்.

நீங்கள் ஒயில் மாற்றி மூன்று மாதம் கழித்து, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது என்று கார் வந்தது. அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தேன். ஒயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது. முகர்ந்தும் பார்த்தேன், ஒயில்தான் என்று தீர்ப்பும் சொன்னேன். இந்தக் குளிருக்குப் பதினொரு வருடமாக அடைத்துக் கிடக்கும் மூக்கு என்னுடையது. அதை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னவனை என்னவென்பது.

"உதென்ன, கோட்டுக்கு மேலால ஊத்தியிருக்கிறியள்? கண் தெரியேல்லையோ?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். பதிவேட்டைத் திறந்து, சிவப்பு மையில், 'ராக்காயி: அளவுக்கு மிஞ்சி ஒயில் ஊற்றியது' என்று எழுதினேன். ஓய்வுக்கு இருந்தது மூன்றே மாதம்.

நீங்கள் அழவில்லை. "ரெண்டு கோட்டுக்கும் நடுவுலதாங்க ஊத்துனேன். முப்பது வருசம் வேல செஞ்சுட்டு இந்தப் பேரோட வீட்டுக்குப் போகமாட்டேங்கய்யா" என்றீர்கள். பிறகு ஒன்று கேட்டீர்கள்: "நான் கூடத்தான் ஊத்துனேன்னு வச்சுக்குங்க. மூணு மாசத்துல அது எறங்கியிருக்கணுமில்ல? குடிக்கிற எஞ்சின் குடிக்கலன்னா, வேற என்னமோ உள்ள வந்து சேருது."

அலுவலகத்தில் இருந்து மை ஒற்றும் தாள் ஒன்றை வாங்கி வந்தீர்கள். இடப்பக்கம் டின்னிலிருந்த புது ஒயிலில் ஒரு சொட்டு, வலப்பக்கம் மாஸ்டரின் காரிலிருந்து ஒரு சொட்டு. ஒரு மணிநேரம் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இடது சொட்டு கட்டுப்பட்டு நின்றது. வலது சொட்டு அகலமாய் ஓடி, கறுப்பைச் சுற்றி வெளிறிய ஈர வளையம் விட்டது. கணக்கெழுதும் கிருஷாந்தி குனிந்து முகர்ந்துவிட்டு, "ஐயோ, பெற்றோல் நாத்தமுங்க" என்றார்.

அதன்பிறகு எல்லாம் விளங்கியது. மாஸ்டரின் வீட்டுக்கும் பாடசாலைக்கும் இரண்டு மைல்; பனிக்குள் போகும் எஞ்சின் சூடேறுமுன்னே அணைந்துவிடும். போதாததற்கு, பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒன்று கசிந்துகொண்டிருந்தது. எரியாத பெற்றோல் ஒயிலோடு கலந்து அதன் மட்டத்தை ஏற்றியது, அதைத் தண்ணீராய் இளக்கியது. இன்னும் ஒரு மாதம் ஓடியிருந்தால் உள்ளிருந்த பேரிங் தேய்ந்து எஞ்சினே போயிருக்கும். இன்ஜெக்டரை மாற்றினோம், ஒயிலை மாற்றினோம், வாரத்துக்கு ஒருநாள் ஹட்டன் வரை ஓட்டி எஞ்சினைச் சூடாக்கச் சொன்னோம். அடுத்த மாதம் ஒயில் அரைவிரல் இறங்கியிருந்தது. ஒயில் குறைந்ததற்காக லட்டுப் பெட்டியோடு வந்த முதல் மனிதர் எங்கள் மாஸ்டர்தான்.

அக்கா, பதிவேட்டில் பக்கம் கிழிக்க முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்த வரி அங்கேதான் இருக்கிறது. அதன் கீழே, 'ஊற்றியது சரி, எழுதியது பிழை' என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். அன்றே எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தையை இன்று சொல்கிறேன்: என்னை மன்னியுங்கள். இப்போது சொட்டு வைத்துப் பார்க்காமல் இங்கே யார் பெயரும் பதிவேட்டில் ஏறுவதில்லை. அது நீங்கள் விட்டுப்போகும் சட்டம்.

இத்தனை வருடம் கார்களுக்கு அடியில் நின்ற நீங்கள், ஸ்டியரிங் பிடிக்கப் பழகுவதாகக் கேள்விப்பட்டோம். முழங்கால் நோகாமல், மூச்சு வாங்காமல், கொழுந்து துளிர்க்கும் காலமெல்லாம் நலமே சூழ நீடு வாழ்ந்து, நினைத்த பாதையெல்லாம் ஓட்டிப் பாருங்கள்.

இந்த மடலைச் சட்டமிட்டபோது அந்த ஒற்றுத்தாளையும் கீழே ஒட்டியிருக்கிறோம். வீட்டுச் சுவரில் மாட்டுங்கள். வருகிறவர்கள் கேட்டால் இடது சொட்டைக் காட்டுங்கள். அதுதான் நீங்கள் ஊற்றியது.

என்றும் அன்புடன்,
மலைச்சாரல் மோட்டார் பணிமனைப் பணியாளர்கள் சார்பில்,
அதே சிவப்புப் பேனாவால்,
றமணன்