மல்லாட்டப் பாலு

வேணாம்மா பொன்னி, டீயெல்லாம் வேணாம். நீ வந்து உக்காரு மொதல்ல. இன்னாது? இல்லம்மா, மாமி ஒன்னும் சொல்லி அனுப்பல, நானாத்தான் வந்தேன். வேங்கிக்காலு கலெக்டர் ஆபீசாண்ட எறங்கி, குருக்கள் வூட்டு மாடியில வெள்ளக்காரம்மாவுக்கு சமைக்கிற பொண்ணு வூடு எதுன்னு கேட்டேன். எல்லாரும் கையக் காட்றாங்க. நல்லாத்தான் பேரெடுத்து வெச்சிருக்க.

சொல்லக்கூடாதுதான், இருந்தாலும் சொல்றேன். அந்த ஷிவானியக் கண்டா எனக்கு ஆவாது. நீ அவகிட்ட சம்பளம் வாங்கற, கோவிச்சிக்காத. அவ பேரே ஷிவானி இல்லியாமே, இங்க வந்துதான் வெச்சிக்கினாளாமே. இருக்கட்டும். மல எல்லாருக்கும் பொதுதான். சுத்தட்டும், கும்புடட்டும், யாரு வேணான்னா? ஆனா இத்தினி வூடு இருக்கிற ஊருல அவளுக்கு மாமி வூட்டு மாடிதானா கெடைக்கணும்?

பதிமூணு வருசமா பாலு ஊத்தறேம்மா நான் அந்த வூட்டுக்கு. அடி அண்ணாமலையிலேருந்து மொதல்ல நடந்து வந்தேன், இப்ப மினி பஸ்ஸு. குருக்களய்யா விடிகாலையில பூசைக்குப் போயிடுவாரு. மாமி தனியா கெணத்தடியில நின்னுக்கினு இருப்பாங்க. நான் ஊத்தனதும் ஒரு சொட்டு எடுத்து கட்டவெரலு நகத்துல உடுவாங்க. நிக்காம ஓடிச்சின்னா போச்சி. எல்லம்மா, இன்னிக்கு மாட்டுக்குப் பதிலா கெணத்தக் கறந்துட்டியாடின்னு ஆரம்பிப்பாங்க. நான் உடுவேனா? ஒங்க சொம்புல ஈரம் இருந்துச்சி மாமின்னுவேன். அப்டி ஒரு சண்ட போட்டாத்தான் எங்க ரெண்டு பேருக்கும் பொழுது விடியும்.

அப்பறம் காப்பி வரும். எனக்குன்னு ஒரு எவர்சில்வர் டம்ளரு, பின்னாடி ஜன்னல் மேல தனியா கவுத்து வெச்சிருப்பாங்க. அது அந்த வூட்டு வழக்கம், வுடு. அந்தக் காப்பி ஆறதுக்குள்ள அவங்க மாமியாரு படுத்தன பாடு, வயித்துல ஒன்னு கூட தங்காம போனது, எல்லாத்தையும் எங்கிட்டதான் சொல்லுவாங்க. குருக்களய்யாவுக்குத் தெரியாதது கூட எனக்குத் தெரியும். என் வூட்டுக்காரன் இன்னொருத்திய இட்டுக்கினு போனப்ப நான் அழுததும் அந்தக் கெணத்தடியிலதான். மாமி என்னத் தொடல, மடி. ஆனா எதுத்தாப்ல நின்னு அவங்களும் அழுதாங்க.

இந்த ஷிவானி கார்த்திக தீபத்துக்கு வந்தா. வந்த மூணாம் நாளு பாக்கறேன், சமையக்கட்டுல நிக்கிறா! பதிமூணு வருசத்துல அந்த சமையக்கட்டு செவுரு இன்னா கலருன்னு நான் பாத்ததில்லம்மா. இவ உள்ள நின்னுக்கினு கரண்டியப் போட்டு கிண்டறா, மாமி பக்கத்துல நின்னு சிரிக்கிறாங்க. இன்னா மாமி இதுன்னு கேட்டா, அவ கறி மீனு முட்ட எதையும் தொடமாட்டா, பாலு தயிரு கூட சேக்கமாட்டா, நம்மள விட சுத்தம்டின்னாங்க. பாலு குடிக்காதது சுத்தமாம்! சாமி தலையில கொடம் கொடமா பால ஊத்தற வூட்டுல இந்தப் பேச்சு.

சிரிக்காத. இன்னும் இருக்குது. வெள்ளிக்கெழமன்னா நான் மாமிக்கு ஒரு மொழம் மல்லி கட்டி எடுத்துக்கினு போவேன். காசுக்கு இல்ல, சும்மா. ஒரு நாளு பாக்கறேன், அந்தப் பூவு அவ தலையில இருக்குது. மாமியே வாரி, சடை பின்னி, வெச்சி உட்டிருக்காங்க. தலையத் தொட்டு! அன்னிக்கு பஸ்ஸுல வரும்போது கண்ணுல தண்ணி வந்துடுச்சி. பக்கத்து சீட்டு பொம்பள, யாரு தவறிட்டாங்கன்னு கேக்கறா.

அப்பறம் ஆரம்பிச்சா கன்னுக்குட்டி கதைய. கன்னு வாயிலேருந்து புடுங்கித்தான் நாம குடிக்கிறோமாம். மாமி எங்கிட்ட வந்து, ஏண்டி எல்லம்மா, நீ கன்னுக்கு உடுவியான்னு கேக்கறாங்க. பதிமூணு வருசம் கழிச்சி கேக்கற கேள்வியா இது? ஒரு காம்பு கன்னுக்குன்னு உட்டுட்டு மூணுதான் கறந்தேன் நானு. அத்த சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கினாங்க. ஆனா மறுநாளு ஒரு லிட்டரு அர லிட்டரு ஆயிடுச்சி. தை பொறந்ததும் கால் லிட்டரு, அதுவும் பூசையில வெக்கத்தான். குடிக்கிறதுக்கு உன் மல்லாட்டப் பாலு. நாம மல்லாட்டன்றோம், மாமி வேர்க்கடலன்றாங்க, அவ வேற இன்னாவோ சொல்றா. எல்லாம் எண்ணெ ஆட்டற சரக்குதான். மாட்டுக்குப் புண்ணாக்கா போடறத மனுசங்களுக்குக் கரைச்சிக் குடுக்கறா.

உன்னச் சொல்லலம்மா. நீ அரைக்கிறதுல கொற இல்ல. எப்டித் தெரியுமா? குடிச்சிருக்கேன். அவதான் ஒரு நாளு டம்ளர்ல கொண்டாந்து நீட்டினா. ஜன்னல் மேல இருக்கிற என் டம்ளர்ல இல்ல, உள்ள இருக்கிற டம்ளர்ல. கழுநீரு மாரி இருக்குதுன்னு சொல்லி கெணத்தடியில ஊத்திட்டேன். பாதியக் குடிச்சிட்டுத்தான் ஊத்தினேன். வெல்லம் போட்டு, ஏலக்கா தட்டிப் போட்டு, அப்டி ஒரு ருசி. அது நல்லா இல்லாம இருந்திருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்.

மாமிக்குப் பத்து வருசமா வயித்து உப்பசம். சாப்ட்டா போதும், நெஞ்ச நீவிக்கினே உக்காந்திருப்பாங்க. நான் ஓமம் கொண்டாந்தேன், இஞ்சி கொண்டாந்தேன், ஒன்னுத்துக்கும் கேக்கல. பால நிறுத்தி இருவது நாள்ல போயிடுச்சாம். மொகமே தெளிஞ்சி போச்சி, நீயும்தான் பாக்கறியே. அப்ப இத்தினி வருசமா அவங்க வயித்தக் கெடுத்தது நானா? சந்தோசப்படணும் இல்ல நான்? எனக்கு எரியுதும்மா. அவங்க நல்லா இருக்கிறது எனக்கு எரியல, அவளால நல்லா ஆனதுதான் எரியுது. பொறாமதான். இல்லன்னு சொல்லி யார ஏமாத்தறது?

சரி, எதுக்கு வந்தேன்னு கேக்கற. சொல்றேன் இரு.

நேத்தி காலையில கால் லிட்டர ஊத்தனேன். எல்லம்மா, ஒண்ணாந்தேதியிலேருந்து அதுவும் வேணாம்டின்னாங்க. சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. நான் தூக்குச் சட்டிய அலம்பிக்கினு கெணத்தடியிலயே நின்னேன். அப்பதான் உள்ள அவங்க உங்கிட்ட பேசனது காதுல உழுந்திச்சி. ஒட்டுக் கேக்கல. சரி, கேட்டேன். பங்குனியில ஷிவானி ஊருக்குப் போயிடறா, அப்பறம் தெனம் அர லிட்டரு மல்லாட்டப் பாலு நீதான் வூட்லேருந்து கொண்டாந்து தரணும்னு சொன்னாங்க. நீ, அவ்ளோ தூரம் எப்டி மாமின்னு இழுத்த. அப்பறம், சரி பாக்கறேன்னு ஒத்துக்கினு வந்துட்ட.

ஐயோ, சண்ட போட வரலம்மா. பொழப்பு போச்சேன்னும் வரல. கால் லிட்டருல இன்னா பொழப்பு, பஸ்ஸுக்கே பத்தாது. மீதிப் பால எங்க ஊத்தறேன்னா? எங்கியும் ஊத்தல.

எனக்கு மாடு இல்லம்மா. அது செத்து ரெண்டு வருசம் ஆவப்போவுது. கன்னு போட்டுட்டுப் படுத்தது, எழுந்திரிக்கவே இல்ல. அதுலேருந்து நான் பூ கட்றேன், களையெடுக்கப் போறேன். மாமிக்குத் தெரியாது. தெரிஞ்சா வேற ஆளப் பாத்துக்குவாங்கன்னு சொல்லல. விடியறதுக்கு முன்னாடி எங்க ஊரு சொசைட்டிக்குப் போயி, எவ மாட்டுப் பாலயோ வாங்கி, என் தூக்குல ஊத்திக்கினு பஸ் ஏறுவேன். மொத நாளு அந்தப் பாலு கெட்டியா இருந்துச்சி. நகத்துல உட்டா அப்டியே நிக்குது. மாமி ஒரு வார்த்த திட்டல, பேசாம எடுத்துக்கினு உள்ள போயிட்டாங்க. மறுநாள்லேருந்து நானே ஒரு டம்ளரு தண்ணி ஊத்தி எடுத்துக்கினு போனேன்.

சும்மா போயிப் பாக்கலாமேன்றியா? ஷிவானி சும்மா போவா, சும்மா வருவா. நான் சும்மா போயி நின்னா, இன்னாம்மா வேணும்னு குருக்களய்யா கேப்பாரு. இன்னா சொல்லுவேன்? உங்க பொண்டாட்டிய ஒரு வாட்டி பாக்கணும்னா? கையில எதுனா இருந்தாத்தாம்மா அந்தப் பின்வாசலு எனக்குத் தொறக்கும்.

மல்லாட்ட நானே தரேன். கீழ்பென்னாத்தூருல என் தங்கச்சி பயிரு வெக்கிறா, மூட்டையாவே கொண்டாந்து போடறேன். எத்தினி நேரம் ஊறணும், எத்தினி வாட்டி புழியணும், மட்டும் காட்டு. என் கைக்கு அந்தப் பக்குவம் வரலன்னா நீயே அரைச்சி வெய்யி, தெனம் காலையில நான் இங்க வந்து வாங்கிக்கறேன். அவங்க குடுக்கறத மாசா மாசம் அப்டியே உங்கிட்ட குடுத்துடறேன், எனக்கு ஒன்னும் வேணாம். தூக்குச் சட்டிய மட்டும் நான் எடுத்துக்கினு போறேம்மா.