மெலிந்த பிள்ளைக்கு ஒரு பாத்தி

"செடி கொடியெல்லாம் இப்படி வளர்க்கிறியே, பிள்ளைய மட்டும் ஏம்மா வளர்க்கல?" என்று எடை பார்க்கும் நர்ஸ் ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்விதான். வெண்டைக்குத் தண்ணீர் விடும் நேரம் என்பதால் குடத்தோடு நகர்ந்தேன். அவரும் இன்னொரு பாத்திக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் குடியிருப்பின் பின்னால் பொதுத் தோட்டம் போட்டிருந்தார்கள். மெலிந்த பிள்ளை ஒன்றுக்கு ஒரு பாத்தி. பிள்ளை தேறிவிட்டால் அந்தப் பாத்தி, இருப்பதிலேயே மெலிந்த பிள்ளையின் வீட்டுக்குக் கைமாறிவிடும். இந்த விதியை எழுதியது நானில்லை.

முதல் தக்காளி பழுத்தபோது என் மகளுக்குக் கன்னம் லேசாக உப்பியது. மிளகாய் அப்போதுதான் பூவெடுத்திருந்தது. பூத்த செடியை யார் கையிலாவது விட்டுவிட்டு வர மனம் வருமா? அவள் தட்டைக் கொஞ்சம் சிறிதாக்கினேன்.

விளைந்ததை நானும் தின்று தீர்க்கவில்லை. பிள்ளை உள்ள வீடுகளாகப் பார்த்துக் கூடை கூடையாகக் கொடுத்தேன். எதிர்வீட்டுத் தையல்காரி ஒருநாள் வந்து நின்றாள்.

"அக்கா, உங்க கீரையத் தின்னு எம்பையன் குண்டாயிட்டான். பாத்தியப் பிடுங்கிட்டாங்க."

"யாருக்குக் குடுத்தாங்களாம்?"

"உங்களுக்குத்தான். பாப்பா இன்னும் எளைச்சிட்டாளாமே."

"பையன் தேறுனானே, அதப் பாரு" என்று இன்னொரு கட்டுக் கீரை கொடுத்தேன். அவளுடைய சின்னவள் பெயரில் ஒரு பாத்தி பாக்கியிருந்தது.

இப்படியே தோட்டம் முழுவதும் எங்கள் வசம் வந்தது. பிள்ளைகளெல்லாம் உருண்டு திரண்டார்கள். சத்துக்குறைவே இல்லாத குடியிருப்பு என்று கேடயம் கொடுத்தார்கள். என் மகளைப் பிள்ளைகள் கணக்கில் சேர்க்கவில்லை, தோட்டக்காரர் கணக்கில் சேர்த்திருந்தார்கள். மேடையில் கேடயத்தை வாங்கியவள் அதோடு சேர்ந்து கீழே உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

பசிக்கிறதென்று அவள் சொல்லாமலில்லை. "இந்தக் காயப் பறிச்சதும் சாப்பிடலாம் கண்ணு" என்பேன். பறித்ததும் அடுத்தது பூத்துவிடும்.

வெளியூர் வேலையிலிருந்து என் கணவர் வந்தபோது அவளால் பாயைவிட்டு எழ முடியவில்லை. அவரிடம் நான் எதையும் மறைக்கவில்லை. பட்டினி போட்டது நான்தான் என்று சொன்னேன். எந்தத் தாய் தன் பெண்ணுக்கு இத்தனை பாத்தி சேர்த்து வைத்திருக்கிறாள் என்றும் கேட்டேன்.

அவர் மகளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். நான் வாசல்வரை கூடவே போனேன்.

"கூட்டிட்டுப் போங்க, வேணாங்கல. எடை மட்டும் ஏத்திடாதீங்க. பூசணி இன்னும் முத்தல."

அவர் மகளோடு படியிறங்கிப் போய்விட்டார்.