உடைஞ்சது யார் கை?

— முதல்ல கதவைச் சாத்துங்க. பக்கத்து வீட்டுக்கும் சாட்சி சொல்லிடப் போறீங்க.

— சாத்திட்டேன். சர்ச்சுல இருந்து வர்ற வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல நீ. என்ன கோவம்?

— கோவமா? எனக்கா? அத்தனை பேரு கைதட்டினாங்களே, நானும் தட்டியிருப்பேன். என்ன பண்றது, இந்த வலது கை ஒழுங்கா வராதே.

— அதான்... அதைச் சொன்னதுக்குத்தான் கோவமா?

— சபை முன்னால சாட்சின்னு மைக்கைப் பிடிச்சு என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க, கேக்கறேன்.

— உண்மையைத்தானே சொன்னேன். குடிச்சிட்டு வந்தேன், கதவைத் திறக்க நேரமாச்சுன்னு பொண்டாட்டியைப் பிடிச்சுத் தள்ளினேன், படியில விழுந்து கை உடைஞ்சுது. அப்புறம் ஆண்டவர் என்னைத் தொட்டார், குடியை விட்டேன்...

— குளிக்கற இடத்துல வழுக்கி விழுந்தேன்னு நான் சொல்லி வச்சிருந்தேனே! டாக்டர்கிட்ட, தையல் கம்பெனி சூப்பர்வைசர்கிட்ட, எங்க அம்மாகிட்ட. இத்தனை வருஷமா கட்டிக் காத்த பொய்யை ஒரு நிமிஷத்துல போட்டு உடைச்சிட்டீங்க.

— பொய்தானே அது...

— யார் மானத்துக்காகச் சொன்ன பொய்? இப்ப நீங்க பரிசுத்தவான், நான் புளுகுணி!

— ஐயோ, நான் அப்படி நினைச்சே பாக்கலம்மா.

— எங்க நினைப்பீங்க? பாட்டுக்குழு அக்கா வந்து, "இந்தக் கையா சிஸ்டர்?"னு முழங்கையை அமுக்கிப் பாக்கறாங்க, தக்காளி பொறுக்கற மாதிரி! இன்னொருத்தங்க, "இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்"கறாங்க. பல்லைக் காட்டிட்டு நின்னேன். சர்ச் வாசலாச்சே!

— சரி, தப்புதான். ஆனா அவங்க எல்லாம் நல்ல மனசோடதான்...

— அவங்களை விடுங்க. பாஸ்டர் உங்க காதுல ஏதோ சொன்னாரே, என்ன?

— அது... ஒண்ணுமில்ல.

— சொல்லுங்க.

— சாயந்தரம் மைதானத்துல பெரிய கூட்டம். அங்கயும் சாட்சி சொல்லணுமாம். நீயும் மேடைக்கு வந்து... சும்மா பக்கத்துல நின்னா போதும்னாரு.

— நின்னு? கையைத் தூக்கிக் காட்டணுமா?

— இல்ல இல்ல. தூக்க வராதுன்னு சொல்லிட்டேன்.

— அடடா, என்ன ஒரு அக்கறை! நான் என்ன பொருட்காட்சி பொம்மையா? மெஷின்ல உக்காந்து முழுச் சட்டை தைச்சவ நான். இந்தக் கையால துணியை நேராத் தள்ள முடியலன்னு பட்டன் வைக்கற மூலைக்கு மாத்திட்டாங்க. அதைச் சொன்னீங்களா மைக்ல?

— அது எனக்கு... நீ சொல்லவே இல்லயே.

— நீங்க கேக்கவே இல்லயே. காலையில மைக்ல மட்டும் அருவியாக் கொட்டுச்சு!

— ஆண்டவர் மன்னிச்சிட்டாருங்கற நிம்மதியில பேசிட்டேன்ம்மா.

— உடைஞ்சது ஆண்டவர் கையா? அவர் மன்னிச்சாரு, சந்தோஷம். சபை மன்னிச்சுது, பாஸ்டர் முதுகுல தட்டிக் குடுத்தாரு. எல்லாரையும் பாத்துட்டு வந்தாச்சு. இந்த வீட்டுக்குள்ள இருக்கறவகிட்ட என்னிக்காவது ஒரு வார்த்தை...

— கேக்கலதான்.

— ஏன்?

— பயம்.

— ஆண்டவர்கிட்ட இல்லாத பயம் என்கிட்டயா?

— அவர் மாட்டேன்னு சொல்ல மாட்டார்னு தெரியும். நீ சொல்லலாம். சொல்ல உனக்கு எல்லா நியாயமும் இருக்கு.

— ...இப்பக் கேளுங்க. மைக் வேணுமா?

— கிண்டல் பண்ணாத. நான்... குடிமேல பழியைப் போட்டே பழகிட்டேன். குடி கை நீட்டல, நான்தான் நீட்டினேன். விழுவன்னு தெரிஞ்சேதான் தள்ளினேன். என்னை மன்னிப்பியா? உடனே சொல்லணும்னு இல்ல. மாட்டேன்னாலும்... தாங்கிக்கறேன்.

— விழுவேன்னு தெரிஞ்சா? இது காலையில சொன்னதுல இல்லயே.

— அது அவங்களுக்கு. இது உனக்கு.

— ம்... யோசிச்சுச் சொல்றேன். தினமும் துணி காயப் போடறீங்களே, எனக்குக் கயிறு எட்டாதுன்னு. அதையும் மைக்ல சொல்லலயே, ஏன்?

— துணி காயணும், போடறேன். அதைப் போய் யாராவது சொல்லுவாங்களா?

— நான் பாக்கற சாட்சி அதுதாங்க. சரி, கண்ணைத் தொடைங்க... இப்ப யாருக்கு போன்?

— பாஸ்டருக்கு. இரு... ஐயா, நான்தான். சாயந்தரம் நான் பேசலைங்கய்யா... இல்லைங்கய்யா, உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அது பாதி என் வீட்டுக்காரி கதை. அவளைக் கேக்காம எடுத்து விட்டுட்டேன்... கூட்டத்துக்கு வர்றோம், ஜனங்களோட கீழ உக்காந்துக்கறோம்... வச்சிடறேங்கய்யா.

— "வர்றோம்"னீங்க. நான் வர்றேன்னு யார் சொன்னா?

— ஐயையோ. சரி, கேக்கறேன். வர்றியா?

— பாக்கலாம்.

— இன்னொண்ணும் கேக்கணும். ரொம்ப நாளாவே...

— என்ன?

— கட்டிலுக்கு அடியில ஒரு பெட்டி இருக்கே. நீலப் பெட்டி.

— ...எது?

— காலையில ஜெபம் பண்ண முழங்கால் போடறேன்ல. தலையைக் குனிஞ்சா நேரா கண்ணுல படறது அதுதான். உன் துணி, தையல் கத்தரி, எல்லாம் கட்டித் தயாரா வச்சிருக்க. தெரியும்.

— எப்பலேருந்து தெரியும்?

— நீ ஆஸ்பத்திரியில இருந்து வந்து கட்டி வச்சதைப் பாத்ததுலேருந்து. அதுக்கப்புறம் தொட்டதில்ல, வாயைத் திறந்து கேட்டதில்ல. இன்னிக்கு ஒரு நாளாவது அது அங்கயே இருக்கட்டும் ஆண்டவரேன்னுதான் ஜெபத்தையே ஆரம்பிப்பேன்.

— அடப்பாவி மனுஷா! தினமுமா?

— தினமும். நீ போறதா இருந்தா தடுக்க மாட்டேன்ம்மா. சொல்லிட்டு மட்டும் போ.

— அந்தப் பெட்டி காலிங்க. போன மழைக்காலத்துலயே எல்லாத்தையும் எடுத்து அலமாரியில அடுக்கிட்டேன். என்னிக்காவது அலமாரியைத் திறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பெட்டியையும் எடுத்துட்டா உங்களுக்குப் பயம் விட்டுப் போயிடுமேன்னுதான் அதை மட்டும் அங்கயே விட்டு வச்சேன்... இனிமேயும் அங்கதான் இருக்கும், சொல்லிட்டேன். முழங்கால் போடறப்ப எல்லாம் பாத்துக்கிட்டே இருங்க.